மணலைத் தாண்டிய சிங்கப்பூர்: காட்டுயிர் பார்க்க ஒரு தொடக்கப் பாடம்

ஊரிலிருந்து சொந்தபந்தம் வந்தால் நாம் கூட்டிப்போகும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. தேக்கா, மெரினா பே, செந்தோசா, ஒருநாள் சாயங்காலம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை. வந்தவர்கள் கட்டடத்தையும் கடலையும் படம் பிடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்கள். இங்கேயே பல வருஷமாகக் குடியிருப்பவர்களிலும் நிறைய பேருக்குச் சிங்கப்பூர் என்றால் அவ்வளவுதான்.

ஆனால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மனிதர்கள் உண்டாக்கியது. 1960களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து எடுத்த நிலம் அது. இந்தத் தீவின் பழைய குடிகளைப் பார்க்க வேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு உள்ளே நடக்க வேண்டும். குன்றுக்கு, நீர்த்தேக்கத்துக்கு, சதுப்புநிலத்துக்கு, சில சமயம் நம் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க்கு.

ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டரில் சுமார் 60 லட்சம் பேர் நெருங்கி வாழும் நாடு இது. இங்கே அலங்கு (எறும்புத்தின்னி) இருக்கிறது, சருகுமான் இருக்கிறது, முதலை இருக்கிறது என்றால் முதல்முறை கேட்பவர் நம்ப மாட்டார். இவை எப்படிப் பிழைத்துக் கிடக்கின்றன? எங்கே போய் நின்றால் கண்ணில் படும்? இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது. அதன் பெயர் வாழிடம்.

வாழிடம் என்றால் என்ன?

ஓர் உயிருக்கு நான்கு விஷயம் வேண்டும். சாப்பாடு, தண்ணீர், ஒளிந்துகொள்ள மறைவு, குஞ்சு குட்டிகளை வளர்க்க இடம். இந்த நான்கும் எட்டும் தூரத்தில் ஒன்றாகக் கிடைக்கும் இடமே அதன் வாழிடம். மூன்று இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் அந்த உயிர் அங்கே நிலைக்காது. பழமும் தண்ணீரும் தாராளமாக இருக்கும் ஒரு பூங்காவில்கூட, பெரிய பொந்துள்ள மரம் இல்லையென்றால் இருவாச்சி கூடு வைக்காது.

நமக்கு இது புது யோசனை இல்லை. நிலத்தை ஐந்து திணையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரம், பறவை, விலங்கு, நீர் என்று கருப்பொருள் சொன்னவர்கள் நம் முன்னோர். முல்லைக்குக் காட்டுக்கோழி என்றார்கள், மருதத்துக்கு நீர்நாய் என்றார்கள். எந்த நிலத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தால் அங்கே எது இருக்கும் என்பதும் தெரியும் என்ற கணக்கு அது. காட்டுக்கோழியும் நீர்நாயும் இன்றைக்கும் சிங்கப்பூரில் இருக்கின்றன. அந்தக் கணக்கும் இங்கே செல்லுபடியாகிறது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் "அலங்கை எங்கே பார்க்கலாம்?" என்றுதான் கேட்பார்கள். விலங்குத் தோட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது. அங்கே கூண்டு ஓரிடத்தில் நிற்கும், பெயர்ப்பலகை இருக்கும். காட்டில் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: "நான் நிற்கும் இந்த இடத்தில் யாருக்குச் சாப்பாடு இருக்கிறது? யாருக்கு மறைவு இருக்கிறது?" இப்படிக் கேட்டுப் பழகினால் கண் தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

குன்றும் காடும்

முதலில் புக்கிட் தீமா. 163 மீட்டர் உயரம்தான், ஆனாலும் சிங்கப்பூரின் உச்சி அதுவே. இங்கே மிச்சமிருப்பது முதல்நிலைக் காடு, அதாவது முழுவதுமாக வெட்டப்படாமல் வழிவழியாக நிற்கும் மழைக்காடு. 19ஆம் நூற்றாண்டில் கேம்பியர் (தோல் பதனிட உதவும் செடி), மிளகுத் தோட்டங்களுக்காகத் தீவின் காட்டில் பெரும்பகுதி அழிந்தது. கேம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும், அதற்கும் காடுதான் போனது. சில வருஷத்தில் மண் சத்திழந்ததும் தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த காட்டை வெட்டப் போனார்கள். புலிகள் மனிதர்களைத் தாக்கிய கதைகளெல்லாம் அந்தத் தோட்டங்கள் காட்டுக்குள் புகுந்த காலத்தவை. 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கையாளர் புக்கிட் தீமாவில் தங்கி, இரண்டே மாதத்தில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அதுவும், காடு பாதி வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில். வெட்டிப்போட்ட மரங்களில்தான் வண்டுகள் அத்தனை மொய்த்தன.

கைவிட்ட தோட்டங்களில் பிறகு தானாக வளர்ந்ததை இரண்டாம்நிலைக் காடு என்கிறோம். இன்று சிங்கப்பூரில் நாம் காணும் காட்டில் பெரும்பங்கு இதுவே. இரண்டையும் பிரித்தறிவது சிரமமில்லை. முதல்நிலைக் காட்டில் மரங்கள் நேராக, மிக உயரமாக நிற்கும். உச்சியில் தலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கூரை போட்டிருக்கும். கீழே நிழல், ஈரம், நடக்கத் தோதான தரை. இரண்டாம்நிலைக் காட்டில் மரங்கள் குட்டை, வெளிச்சம் அதிகம், தரையோ புதரும் கொடியும் பெரணியுமாக நுழைய முடியாமல் இருக்கும். "அப்படியானால் இது மட்டம்" என்று நினைத்துவிடக் கூடாது. மனிதர்கள் கொண்டுவந்து, பிறகு காடாகப் பரவிய உயரமான அல்பீசியா மரங்களில் பெரிய வேட்டைப் பறவைகள் கூடு கட்டுகின்றன. சாலையோரம் மஞ்சள் பூப் பூக்கும் சிம்போ ஆயர் செடியின் சிவப்பு விதைகளைத் தின்னப் பறவைகள் வரிசைகட்டி வருகின்றன.

இந்தக் காட்டில் தொடக்கக்காரர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது கொலுகோ என்ற மரவாழ் பாலூட்டி. குரங்குகளைவிட, பறவைகளைவிட அதுவே என் தேர்வு. காரணம் எளிது. அது பகலில் அசையாது, ஓடிப் போகாது, அப்படியிருந்தும் பக்கத்தில் நடந்துபோகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்ப்பதில்லை. வாழிடத்தைப் பார்க்கப் பழகியவருக்கும் பழகாதவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டிலோ புக்கிட் தீமாவிலோ பாதை ஓரமாக நின்று, ஒவ்வொரு மரத்தின் தண்டையும் கீழிருந்து மேலாகக் கண்ணால் தடவுங்கள். பட்டையில் ஒரு புடைப்பு, மரத்தின் காய்ப்பு போல. சாம்பல் நிறத்தில் வெள்ளைத் திட்டுகள், மரப்பாசி படர்ந்த மாதிரி. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தப் புடைப்புக்கு ஒரு முகம் இருப்பது தெரியும். நாய்க்குட்டியின் முகம் போல நீண்டு, பெரிய கண்களோடு. கழுத்திலிருந்து விரல் நுனிவரை, அங்கிருந்து வால் நுனிவரை ஒரே தோலாக இருக்கும். பெட்டையாக இருந்தால் அந்தத் தோல்மடிப்புக்குள்ளிருந்து குட்டியின் தலை எட்டிப் பார்க்கலாம். இருட்டியதும் அந்தத் தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும். ஒரே தாவலில் 100 மீட்டருக்கும் மேல் கடக்க வல்லது. பறக்கும் லெமூர் என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அது லெமூரும் இல்லை, சிறகடித்துப் பறப்பதும் இல்லை. குரங்கினத்துக்கு நெருங்கிய உறவு, தனிக் குடும்பம். தின்பது பெரும்பாலும் இளந்தளிர்.

கொலுகோவுக்கு நான்கு தேவையும் எங்கே கிடைக்கின்றன என்று இப்போது பாருங்கள். தளிர் மேலே. தண்ணீர் இலையிலும் மழையிலும். மறைவு மரப்பட்டையின் நிறம். குட்டிக்கு வீடு தாயின் தோல். தரையில் இறங்க அதற்குத் தேவையே இல்லை, இறங்கினால் தவழத்தான் முடியும். மரங்கள் தாவும் தூரத்தில் இருக்கும்வரை அது நன்றாக வாழும். நடுவே அகலமான சாலை வந்தால் அந்தப் பக்கம் அதற்கு வேறு நாடு.

அப்படித்தான் நடந்தது. 1986இல் திறந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, புக்கிட் தீமா காட்டையும் அதைவிடப் பல மடங்கு பெரிய மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று வெட்டிப் பிரித்தது. வாழிடம் துண்டாவது என்பது இதுதான். காடு இரு பக்கமும் பச்சையாகவே தெரியும். உள்ளேயிருக்கும் விலங்குக்கு மட்டும் இணை கிடைக்காமல், புது ரத்தம் சேராமல், தலைமுறைக்குத் தலைமுறை கூட்டம் மெலியும். கடக்கத் துணிந்தவை வண்டியில் அடிபட்டுச் செத்தன. அலங்குகளும் அப்படி மாண்டிருக்கின்றன. 2013இல் அந்தச் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் கட்டி, மண் நிரப்பி, உள்ளூர் மரங்களை நட்டார்கள். ஈகோ-லிங்க் என்பது அதன் பெயர். மனிதர்கள் நடப்பதற்கான பாலம் இல்லை அது. அலங்கும் மரநாயும் அதைப் பயன்படுத்துவது கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. மண்டாயிலும் இதுபோல ஒரு பாலம் 2019இல் வந்தது.

ராஃபிள்ஸ் பட்டை இலைக்குரங்கின் கதையும் இதோடு சேர்ந்ததே. கறுப்பு உடல், வயிற்றிலும் தொடையின் உட்பக்கத்திலும் வெள்ளைப் பட்டை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். சிங்கப்பூரில் நூறுக்கும் குறைவாகவே இருக்கின்றன. உலகத்தில் இவற்றுக்கு வேறு இடம் மலேசியாவின் ஜொகூர், பஹாங் பக்கம் மட்டுமே. ஓல்டு அப்பர் தாம்சன் சாலைக்கு மேலே இவற்றுக்காகக் கயிற்றுப் பாலங்கள் கட்டிவிட்டிருக்கிறார்கள். அந்தச் சாலையில் போகும்போது தலைக்கு மேலே பாருங்கள். குரங்கு இல்லாவிட்டாலும் கயிறு தெரியும்.

காட்டின் பள்ளங்களில் ஓடும் சின்ன ஓடைகளில் சிங்கப்பூர் நன்னீர் நண்டு இருக்கிறது. 1986இல்தான் தனி இனம் என்று அறிவியலுக்கு அறிமுகமானது. உலகில் வேறு எந்த நாட்டிலும் கிடையாது. அதை நாம் தேடிப் போக வேண்டாம். ஓடைக்குள் இறங்காமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் உபகாரம்.

சேறும் ஏற்றவற்றமும்

இனி வடக்குக் கரை. சுங்கை புலோ சதுப்புநிலம் எனக்கு இந்தத் தீவிலேயே மிகப் பிடித்த இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பிச்சாவரம் போனவர்களுக்கு அலையாத்திக் காடு புதிதல்ல. உப்புத் தண்ணீரில் நிற்கும் மரம், சேற்றிலிருந்து மேல்நோக்கி முளைத்த மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே தலை நீட்டி மூச்சு வாங்குகிறது. சுங்கை புலோவிலும் அதே ஏற்பாடுதான். ஒரு காலத்தில் இங்கே இறால் குட்டைகள் இருந்தன. 1986இல் பறவை ஆர்வலர்கள், வலசை வரும் கரைப்பறவைகள் இங்கே கூட்டம் கூட்டமாகத் தங்குவதைப் பார்த்து, இதைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டார்கள். 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தது, 2002இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனமானது. சாதாரண மக்கள் கவனித்துப் பார்த்து, எழுதிக் கேட்டு, ஓர் இடம் பிழைத்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

இங்கே கடிகாரத்தைவிடக் கடலின் ஏற்றவற்றம் முக்கியம். ஏறக்குறைய ஆறு மணி நேரம் தண்ணீர் ஏறும், பிறகு அவ்வளவு நேரம் வற்றும். நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். ஆகவே அதே இடத்துக்கு அதே மணிக்குப் போனாலும் ஒருநாள் சேறு தெரியும், இன்னொரு நாள் தண்ணீர் மட்டும் தெரியும். போவதற்கு முன்னால் இணையத்தில் அன்றைய ஏற்ற, வற்ற நேரத்தைப் பார்த்துவிடுங்கள். வானிலை ஆய்வகமே வெளியிடுகிறது.

வற்றத்தில் போனால் சேறு உயிரோடு இருக்கும். பலகை நடைபாதையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சதுர மீட்டர் சேற்றை மட்டும் ஐந்து நிமிஷம் பாருங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது. உங்கள் காலடி அதிர்ச்சியில் எல்லாம் வளைக்குள் போயிருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்த ஆண் நண்டு, அந்தக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெண்ணை அழைக்கும். பக்கத்தில் சேற்றில் துள்ளும் மீன்.

அந்த மீனை விட்டுவிடாதீர்கள். தண்ணீருக்கு வெளியே, முன் துடுப்புகளை முழங்கையாக ஊன்றி, சேற்றில் நடக்கும். செவுளறையில் தண்ணீரை அடைத்துக்கொண்டும், ஈரத்தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றை இழுத்துக்கொண்டும் அது மணிக்கணக்கில் வெளியே இருக்கிறது. கண்கள் தலைக்கு மேலே உருண்டையாக நிற்கும். காய்ந்துபோகாமல் இருக்க, ஒரு கண்ணை உள்ளே இழுத்து ஈரப்படுத்திவிட்டு மறுபடி வெளியே தள்ளும். பார்க்க நமக்குக் கண் சிமிட்டுகிற மாதிரியே இருக்கும். தோல் காய்ந்தால் சேற்றில் ஒருமுறை புரண்டு எழும். பெரிய இனத்து மீன் தன் வளையைச் சுற்றி ஒரு சின்னக் குட்டையே கட்டி வைத்து அதில் கிடக்கும், வேறு மீன் வந்தால் முதுகுத் துடுப்பை நிமிர்த்தி விரட்டும்.

மரங்களுக்கிடையே முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் குவியல்கள் தெரிந்தால், அது சேற்று இறாலின் வேலை. இரவில் ஆழத்திலிருந்து மண்ணைத் தோண்டி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆளை நீங்கள் பார்ப்பது அபூர்வம். ஆனால் அது தள்ளிய குவியலில் நண்டு குடியிருக்கும், எறும்பு குடியிருக்கும், பாம்பு ஒதுங்கும், ஏற்றத்தில் மூழ்காத அந்தத் திட்டில் பெரணி முளைக்கும். ஓர் உயிர் இன்னும் பத்து உயிருக்கு வாழிடம் கட்டித் தருவதை இவ்வளவு கண்ணெதிரே காட்டும் இடம் இங்கே வேறில்லை.

ஏற்றத்தில் போனால் காட்சி வேறு. வெளியே ஜொகூர் நீரிணையின் சேற்றுத் திட்டுகளெல்லாம் மூழ்கிவிடும், அங்கே மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் ஒதுங்க இடம் தேடி உள்குட்டைகளுக்கு வரும். செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியப் பக்கமிருந்து ஆஸ்திரேலியா நோக்கிப் போகும் வழியில் இவை இங்கே இறங்குகின்றன. சிவந்த கால்களுள்ள பவளக்காலி, பொன்புள்ளி தெளித்த உப்புக்கொத்தி, நீண்டு வளைந்த அலகுள்ள விம்பிரல். கோடிக்கரையில் பவளக்காலியைப் பார்த்தவர்கள் இங்கே பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள். பார்வைக் குடிலின் திறப்பு வழியே சத்தமில்லாமல் பாருங்கள். நாம் கைதட்டி ஒருமுறை பறக்கவிட்டால், பல்லாயிரம் கிலோமீட்டர் பயணத்துக்காக அது சேர்த்துவைத்த கொழுப்பில் கொஞ்சம் வீணாகும்.

பெரிய பாலத்தில் நின்றால் சில நாட்களில் உவர்நீர் முதலையும் தெரியும். தண்ணீரோடு தண்ணீராகக் கண்ணும் மூக்கும் மட்டும். நீர் உடும்பு எப்போதும் உண்டு, பாதையின் குறுக்கேயே படுத்திருக்கும். இரண்டுக்கும் ஒரே மரியாதை: தள்ளி நில்லுங்கள், வழி விடுங்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் புளோக்குக்குக் கீழே

காட்டுக்குப் போக நேரமில்லை என்பவர்களுக்கும் வாழிடம் வாசல்வரை வருகிறது. நீர்நாய் 1970களுக்குள் இந்தத் தீவிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. ஆறுகள் சாக்கடையாகி, மீன் செத்து, கரை முழுக்கக் குப்பையாக இருந்த காலம். 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆறும் காலாங் பகுதியும் சுத்தம் செய்யப்பட்டன. மீன் திரும்பியது. 1998இல் சுங்கை புலோவில் நீர்நாய்கள் தெரிந்தன, ஜொகூர் நீரிணையைத் தாண்டி வந்தவை. பிறகு ஆறு வழியாக உள்ளே வந்து, பீஷான், காலாங், மெரினா என்று பரவின. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நேரான கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து ஓடும் ஆறாக மாற்றிய வேலை 2012இல் முடிந்தது. புல் வளர்ந்த கரை, மணல் திட்டு, ஆழமில்லாத தண்ணீர். நீர்நாய்க்கு உடம்பைத் துவட்டப் புரள மணல் வேண்டும், வளை வைக்கக் கரை வேண்டும். கான்கிரீட் சுவரில் அது முடியாது.

நீர்நாய் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எச்சத்தைப் பாருங்கள். கரையோரப் புல்லில் மீன் செதிலும் முள்ளுமாகக் காய்ந்து கிடக்கும், வாடை வரும். அந்த இடத்துக்கு அவை திரும்ப வரும். காலையில் கூட்டமாக வேட்டையாடும்போது தண்ணீரில் தலைகள் வரிசையாகத் தெரியும், பிடித்த மீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கடிக்கும் சத்தம் கரைக்குக் கேட்கும்.

விடியற்காலையில் நம்மை எழுப்பிவிடும் குயிலுக்கோ வாழிடம் என்பது காகத்தின் கூடு. கப்பலும் மனிதர்களுமாகக் கொண்டுவந்த காகம் இங்கே பெருகிய பிறகுதான், குளிர்கால விருந்தாளியாக வந்துபோன குயில் நிரந்தரமாகத் தங்கியது. ராத்திரி நடையில், பாண்டான் செடி எதுவும் இல்லாத இடத்தில் பாண்டான் இலை வாசனை அடித்தால் மேலே மரக்கிளையைப் பாருங்கள். மரநாய், மலாய்க்காரர்கள் மூசாங் என்பார்கள், அந்த வாசனை அதனுடையது. பாசிர் ரிஸ் பூங்காவில் மேயும் சேவலுக்கும் பெட்டைக்கும் கால் சாம்பல் நிறமாக இருந்தால், அவை பெரும்பாலும் யாரும் வளர்த்துவிட்ட கோழிகள் அல்ல, காட்டுக்கோழிகள்.

இருவாச்சிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து மறைந்த பறவை, 1994இல் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. பெட்டை மரப்பொந்துக்குள் போய், வாசலைச் சேற்றாலும் எச்சத்தாலும் பூசி, அலகு நுழையும் அளவு கீறல் மட்டும் விட்டு உள்ளேயே அடைந்து முட்டையிடும். வெளியே ஆண் பறவை பழமும் பூச்சியும் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்டும். பழம் இருந்தது, இணை இருந்தது, ஆனால் அவ்வளவு பெரிய பொந்துள்ள மரங்கள் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. ஆய்வாளர்கள் மரங்களில் கூடுபெட்டிகள் கட்டிவிட்டார்கள், பறவைகள் ஏற்றுக்கொண்டன. நான்கில் இல்லாத ஒன்றைக் கொடுத்ததும் கூட்டம் பெருகியது. இப்போது சாங்கிப் பக்கம் காபிக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதே தலைக்கு மேலே போகிறது. உபினிலேயே வைக்கோல் நிறத் தலையுள்ள கொண்டைக்குருவியும் இருக்கிறது. கூண்டில் வளர்க்கப் பிடித்துப் பிடித்துப் பல நாடுகளில் அழிந்துவிட்ட பறவை அது. அதன் பாட்டைக் காட்டில் கேட்க வேண்டுமானால் இன்று சிங்கப்பூர் மிக நல்ல இடங்களில் ஒன்று.

எப்போது போவது, எப்படி நடந்துகொள்வது

இங்கே சூரியன் எழுவது காலை ஏழு மணியை ஒட்டி, மறைவதும் மாலை ஏழு மணியை ஒட்டித்தான், வருஷம் முழுக்க. முதல் இரண்டு மணி நேரமும் கடைசி ஒன்றரை மணி நேரமுமே நல்ல நேரம். நண்பகலில் போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று வருத்தப்பட வேண்டாம், எல்லாம் நிழலில் படுத்திருக்கும். மழை விட்ட அரைமணி நேரம் நன்றாக இருக்கும், பறவைகள் வெளியே வந்து இறக்கை உலர்த்தும். இடி மின்னல் என்றால் மட்டும் காட்டுக்குள் நிற்காதீர்கள்.

துடுப்புவால் கரிச்சானைப் பழகி வைத்துக்கொள்வது உதவும். வாலிலிருந்து நீளும் இரண்டு கம்பி நுனியில் துடுப்பு போன்ற இறகு. குரங்குக் கூட்டம் கிளையைக் கலைக்கும்போது கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்க அவற்றைத் தொடர்ந்து போகும். கரிச்சான் ஓரிடத்தில் பரபரத்தால் அங்கே வேறு யாரோ நடமாடுகிறார்கள் என்று அர்த்தம்.

குரங்குக்குச் சாப்பாடு போடாதீர்கள், எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும் சரி. சட்டப்படி குற்றம், முதல்முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் அபராதத்துக்காகச் சொல்லவில்லை. கையிலிருந்து வாங்கிப் பழகிய குரங்கு காட்டில் தேடுவதை விட்டுவிட்டுச் சாலைக்கும் வீட்டுக்கும் வரும். வண்டியில் அடிபடுவதும் புகார் வந்து பிடிபடுவதும் அதுதான். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாமல் எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வையுங்கள். பை சரசரத்தாலே சாப்பாடு என்று அதற்குத் தெரியும். பக்கத்தில் வந்தால் கண்ணைப் பார்க்காமல், பல் தெரியச் சிரிக்காமல், மெதுவாக நகர்ந்துவிடுங்கள்.

கால்வாயில் மலைப்பாம்பைப் பார்த்தால் பதற வேண்டாம். எலிகளை ஒழிப்பதே அதன் வேலை, கால்வாய் அதன் வழி. அடிபட்ட விலங்கையோ வீட்டுக்குள் வந்த பாம்பையோ நீங்களே தொடாமல் தேசியப் பூங்காக் கழகத்தைக் கூப்பிடுங்கள். கொலுகோவின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். பறவையை வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலைப் போடாதீர்கள், கூட்டை விட்டு வந்து எதிரியைத் தேடி அலையும்.

எங்கே தொடங்குவது என்றால், வாரத்தில் ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைக்கிறவர்களுக்கு நான் பூமலையை, அதாவது சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவைச் சொல்வேன். 1859இலிருந்து இருக்கும் தோட்டம், எம்ஆர்டி ரயில் வாசலிலேயே இறக்கிவிடும், அதற்குள்ளேயே ஏறக்குறைய ஆறு ஹெக்டர் பழைய மழைக்காடு இருக்கிறது. பாட்டி, தாத்தா, தள்ளுவண்டிக் குழந்தை எல்லாரும் நடக்கலாம். காடு பழகியதும் மெக்ரிட்சி. அங்கே 25 மீட்டர் உயரத்தில் தொங்கும் மர உச்சிப் பாலம் மரக்கூரையின் உயரத்துக்கே உங்களைக் கொண்டுபோகும், திங்கட்கிழமை மூடியிருக்கும். நவம்பரில் ஒரு காலை, ஏற்ற நேரம் பார்த்துச் சுங்கை புலோ. உபினுக்குச் சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு எடுப்பார்கள், ஞாயிறு காலையில் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது. பூமலையின் மழைக்காட்டுக்கும் மெக்ரிட்சிக்கும் சுங்கை புலோவுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, மூடிய காலணி. இரவல் கிடைத்தால் ஒரு பைனாகுலர்.